பொன்னுருக்குக்கு அடுத்த நாள், காலமை ஒன்பது மணி

செவ்வாய்க்கிழமை, பின்னேரம்

பிள்ளை,

நலம், நலமறிய ஆவல் எண்டு தொடங்க எனக்கே சிரிப்பு வருது. நீ பத்தடி தள்ளி, அறைக்குள்ளை, தையல்காரி கொண்டந்த கலியாணச் சட்டையைப் போட்டு அளவு பாத்துக்கொண்டு நிக்கிறாய். கை இறுக்கமாம் எண்டு கொம்மா ஏசுறது இஞ்சை குசினிக்குப் பின்னாலை விறகு அடுக்கிக் கிடக்கிற இடத்திலை இருக்கிற எனக்கு வடிவாய்க் கேக்குது. கூப்பிட்டால் "என்னப்பா?" எண்டு ஓடி வருவாய். அப்பிடியிருக்கப் பழைய றெயில்வே படிவங்களின்ரை பின்பக்கத்திலை உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறன். விசர்க் கிழவன் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை, கடைசிமட்டும் வாசி.

வாயாலை சொல்லத்தான் பாத்தனான். காலமையிலையிருந்து மூண்டு தரம் உன்ரை அறை வாசலுக்கு வந்தனான். முதல் தரம் குடை கேட்டன். மழையுமில்லை வெய்யிலுமில்லை, நீ ஒண்டும் கேக்காமல் எடுத்துத் தந்தாய். இரண்டாம் தரம் தண்ணி கேட்டன். மூண்டாம் தரம் நீயே கேட்டாய், "என்னப்பா தேடுறியள்?" எண்டு. கண்ணாடி எண்டன். அது என்ரை மூக்கிலை கிடந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டு என்ரை தாய் சொல்லிச் சொல்லியே செத்தவ. எனக்கு அந்த வாயை ஆண்டவன் தரேல்லை, பேனையைத்தான் தந்தவன்.

விசயம் இதுதான். நேற்றுத் திங்கக்கிழமை, நீ பள்ளிக்கூடத்தாலை வரமுந்தி, தபால்காரர் ஒரு நீட்டு உறை கொண்டந்து தந்தவர். ஆசிரியர் கல்லூரியிலை சேருறதுக்கு உன்னை இன்ரவியூவுக்குக் கூப்பிட்டிருக்கினம். யாழ்ப்பாணம் ரவுணிலை, வாற வெள்ளிக்கிழமை, காலமை ஒன்பது மணிக்கு. வியாழக்கிழமை உனக்குப் பொன்னுருக்கு. அடுத்த திங்கக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டிலை தாலிக்குப் பொன் உருக்கி, இரண்டு வீட்டிலையும் கன்னிக்கால் நட்டாப்பிறகு, தாலி ஏறுமட்டும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் வீட்டுப் படலை தாண்டுறேல்லை. கோயிலுக்குக்கூடப் போறேல்லை. உனக்கு நான் சொல்லித்தான் தெரியவேணுமெண்டில்லை. இந்த இன்ரவியூவை விட்டால் வாற வருசம் உனக்கு வயது கடந்திடும். அதையும் அந்தக் கடிதத்தின்ரை அடியிலை அச்சடிச்சு விட்டிருக்கினம்.

கொம்மா உறையைப் பறிச்சு, உடைச்சு, வாசிச்சு, திரும்ப மடிச்சா. "கலியாணம் முடியட்டும், செவ்வாய்க்கிழமை குடுப்பம்" எண்டா. "செவ்வாய்க்கிழமை குடுத்து என்னத்துக்கு?" எண்டு கேட்டன். "அப்ப இப்ப குடுத்து என்னத்துக்கு? பிள்ளை ஒரு கிழமை அழுதுபோட்டு வீங்கின கண்ணோடை மணவறையிலை இருக்கிறதுக்கோ? மாப்பிள்ளை வீட்டுக்காரர் பாத்தால் விருப்பமில்லாத கலியாணம் எண்டெல்லோ நினைப்பினம்!" எண்டு பொரிஞ்சு தள்ளினா. நீ கொம்மாவை ஏசாதை. இருவத்தொன்பது வயது மட்டும் நீ குமராய் இருந்ததுக்கு ஊர் என்னை ஒண்டும் கேக்கேல்லை, அவவைத்தான் கேட்டது. பொரிஞ்சு முடிச்சு அவ அந்த உறையைப் பஞ்சாங்கத்துக்குள்ளை செருகி அலுமாரிக்கு மேலை வைச்சா. அதைக் கண்ட உடனை நான் எழும்பி முத்தத்துக்குப் போனன். ஏன் எண்டு சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுத்தி வாறன்.

நான் முப்பத்துநாலு வருசம் ஸ்ரேசனிலை நிண்டவன். எங்கடை பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாய் இரண்டு கோச்சி வந்தால் கொடிகாமத்திலை ஒண்டைப் பக்கத்துத் தண்டவாளத்திலை ஒதுக்கி நிப்பாட்டிப்போட்டு மற்றதை விடவேணும். அதுதான் என்ரை உத்தியோகம். மெயில் கோச்சிக்கு எப்பவும் வழி, சாமான் கோச்சி எப்பவும் நிக்கும். உனக்கு அப்ப ஆறேழு வயதிருக்கும். கிழிச்ச ரிக்கற் துண்டுகளை வாங்கிலிலை வரிசையாய் அடுக்கிவைச்சுப் படிப்பிச்சுக்கொண்டிருப்பாய். "இருவத்திரண்டு, நேராய் இரு! முப்பது, உன்ரை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா!" எண்டு அதட்டுவாய். போர்ட்டரும் வாய்ப்பாடு சொல்லாமல் உன்னைத் தாண்டிப் போகேலாது. ஒருநாள் பாடத்தை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டாய், "ஏனப்பா எப்பவும் சாமான் கோச்சியே நிக்குது? அதுக்கும் போறதுக்கு ஒரு இடம் இருக்குத்தானே?" எண்டு. அதுதான் ஒழுங்கு எண்டு சொல்லிப்போட்டுக் கொடியைத் தூக்கிக்கொண்டு போட்டன்.

மூண்டு வருசத்துக்கு முந்தி உன்ரை தம்பிக்குக் கொழும்பிலை தொழில்நுட்பக் கல்லூரி இன்ரவியூ வந்தது நினைவிருக்குத்தானே. சண்டையாலை ரெயினும் இல்லை, போனும் இல்லை, கப்பல் வந்தால்தான் தபால் எண்ட காலம். தவறிப்போய் வாற மாதிரி ஒரு மூட்டை வரும், ஊரே தபால் கந்தோரிலை நிக்கும். அண்டைக்கு எங்கடை வீட்டுக்கு வந்தது ஒரு கடிதமில்லைப் பிள்ளை. இரண்டு. மற்றது உன்ரை. நீ கேட்டு எழுதின அதே ஆசிரியர் படிப்புக்கு, அதே கொழும்பிலை, அதே திகதியிலை. நேரம் மட்டும் அரைமணித்தியாலம் வித்தியாசம். எனக்கு முதலிலை சந்தோசம்தான் வந்தது. இரண்டு பிள்ளையளும் ஒண்டாய்ப் போய் ஒண்டாய் வரட்டும் எண்டு நினைச்சுக்கொண்டு இயக்கம் பாஸ் குடுக்கிற கந்தோருக்குப் போனன்.

அங்கைதான் விளங்கினது. கிளாலியாலை கடல் தாண்டி வெளியிலை போறதெண்டால் வீட்டிலை இன்னொரு இளம் ஆள் பிணை நிக்கவேணும். போன ஆள் திரும்பி வருமட்டும் பிணை நிண்ட ஆளுக்குப் பாஸ் இல்லை. "நான் நிக்கிறன், தம்பி" எண்டன். மேசையிலை இருந்த பெடியன் என்னை ஏற இறங்கப் பாத்துச் சிரிச்சான். "ஐயா, உங்களை வைச்சிருந்து நாங்கள் என்ன செய்யிறது?" எண்டான். பக்கத்திலை நிண்ட சனமும் சிரிச்சுது. எனக்கு இருக்கிறது நீங்கள் இரண்டு பேர்தான். ஒராள் நிண்டால்தான் மற்றாள் போகலாம்.

கொடிகாமம் சந்தையடியிலை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தன். தம்பிக்கு அப்ப பத்தொன்பது வயது. அந்த வயதுப் பெடியளை வைச்சிருந்த எந்த வீட்டிலை நித்திரை இருந்தது, சொல்லு பாப்பம். அவன் எப்பிடியாவது வெளியிலை போகட்டும் எண்டதுதான் எனக்கு. பொம்பிளைப்பிள்ளைக்கு அடுத்த முறை வரும், அடுத்த முறை பாப்பம் எண்டு எனக்கு நானே சொன்னன். உன்ரை கடிதத்தை நீ கண்டால் என்ன செய்வாய் எண்டு எனக்குத் தெரியும். சண்டை பிடிக்கமாட்டாய். "தம்பி போகட்டும்" எண்டு நீயாய்ச் சொல்லுவாய். அதைக் கேக்கிறதுக்குத்தான் எனக்குத் துணிவில்லை. ஆகவே சொல்லாமலே விட்டன். வர ஏலாதெண்டால் முற்கூட்டியே எழுதி அறிவிக்கலாம் எண்டு ஒரு வரி அதிலை இருந்தது. நாள் மாத்தித் தாங்கோ எண்டு நாலு வரி எழுதிப் போட்டிருக்கலாம். கடிதம் போய்ச் சேராது எண்டு சாட்டுச் சொல்லிக்கொண்டு அதையும் செய்யேல்லை. உறையை அந்த வருசப் பஞ்சாங்கத்துக்குள்ளை வைச்சன். கொம்மாவுக்கும் சொல்லேல்லை. அடுத்த நாள் நீ ஒண்டும் அறியாமல் வந்து, தம்பிக்குப் பிணை எண்டு வடிவான எழுத்திலை கையெழுத்து வைச்சாய். திரும்பி வரேக்கை எனக்குச் சோடா வாங்கித் தந்தாய்.

இதுகூடப் பெரிசில்லை எண்டு சொல்லுவன், பேந்து நடந்ததோடை பாத்தால். இரண்டு மாதத்தாலை உன்னோடை விண்ணப்பம் போட்ட பெட்டை ஒருத்திக்குக் கடிதம் வந்ததெண்டு கேள்விப்பட்டு நீ தபால் கந்தோருக்கு ஓடினாய். கப்பலாலை இறக்கேக்கை சில மூட்டையள் தண்ணியிலை நனைஞ்சு கடிதமெல்லாம் கூழாய்ப் போச்செண்டு அங்கை ஆரோ சொல்லியிருக்கினம். உன்ரை கடிதமும் அப்பிடித்தான் போயிருக்கும் எண்டு நீயே முடிவெடுத்துக்கொண்டு வந்தாய். நான் கதிரையிலை இருந்தனான். உனக்கு என்ரை முகத்தைப் பாக்கப் பாவமாய் இருந்திருக்கவேணும். "கடலுக்குள்ளை போனதுக்கு நீங்கள் என்ன செய்வியள் அப்பா? விடுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு, எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாய். நான் அந்தத் தேத்தண்ணியை வாங்கிக் குடிச்சன் பிள்ளை. உண்மையைச் சொல்ல அண்டைக்கு வாய் திறந்திருந்தால் இண்டைக்கு இப்பிடி விறகுக்கு மேலை இருந்து எழுதத் தேவையில்லை. குடிச்சுப்போட்டுக் கோப்பையைக்கூட நீதான் கழுவினாய்.

தம்பி இன்ரவியூவிலை எடுபட்டான். ஒரு தவணை படிச்சான். பேந்து ஆரையோ பிடிச்சு வெளிநாட்டுக்குப் போட்டான். அவனிலை நான் குறை பிடிக்கேல்லை, தலை தப்பினால் காணும் எண்டு நேத்திவைச்சவன் நான். ஆனால் அவன் திரும்பி வரேல்லை எண்டால் நீ பிணையிலை நிக்கிறாய் எண்டுதானே கணக்கு. அடுத்த வருசமும் உன்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டினம். பாஸ் இல்லை. நீ அந்தக் கடிதத்தை மடிச்சு வைச்சிட்டு, தொண்டர் ஆசிரியை எண்டு சம்பளமில்லாமல் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கப் போனாய். அடுத்த முறை பாப்பம் எண்டு நான் அண்டைக்கு நினைச்ச அடுத்த முறை அதுதான். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டேல்லை எண்டு ஊரிலை பரிதாபப்பட்டினம். தட்டிவிட்ட கை ஆற்றை எண்டு ஆருக்கும் தெரியாது.

இப்ப நேற்று வந்த கடிதத்துக்கு வாறன். இந்த முறையெண்டாலும் ஏதாவது செய்யவேணும் எண்டு, குடை கேட்டனே, அதுக்குப் பிறகு வெளிக்கிட்டனான். கதிரைக்கு ஏற்பாடு செய்யப் போறன் எண்டு கொம்மாவுக்குப் பொய் சொல்லிப்போட்டுச் சைக்கிளிலை ரவுணுக்குப் போனன். கல்விக் கந்தோரிலை ஒரு கிளாக்கரைப் பிடிச்சு, நாளை மாத்தேலுமோ தம்பி, மகளுக்குப் பொன்னுருக்கு எண்டன். நல்ல பெடியன், பாவம். "ஐயா, இன்ரவியூ செய்யிற ஆக்கள் கொழும்பிலையிருந்து வருகினம். வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் நிப்பினம், பின்னேரம் போயிடுவினம். கலியாணத்தை மாத்துங்கோவன்" எண்டான். அவன் பகிடிக்குச் சொன்னவன். நான் பகிடியாய் எடுக்கேல்லை. கலியாணத்தை மாத்தத் தேவையில்லை, பொன்னுருக்கை மட்டும் சனிக்கிழமைக்குத் தள்ளினால் காணுமே எண்டு நினைச்சு, நேரே அரியாலைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனன். வழி முழுக்க என்ன சொல்லுறது எண்டு சத்தமாய்ச் சொல்லிப் பாத்துக்கொண்டு போனன். சந்தியிலை நிண்டவன் ஒருத்தன் என்னைத் திரும்பிப் பாத்தான்.

மாப்பிள்ளையின்ரை தாய் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்து, நல்லாய்த்தான் கதைச்சா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொன்னுருக்கு விசயமாய்..." எண்டு தொடங்கினன். அவ முந்திக்கொண்டா. "ஓம் ஐயா, நானும் அதுதான் சொல்லவேணும் எண்டு இருந்தனான். பிள்ளையைப் பேந்து வெளியிலை விட்டிடாதையுங்கோ. மூத்தவன் கட்டின பெட்டை, பொன்னுருக்கினதுக்கு அடுத்த நாள், சட்டை தைக்கிற இடத்துக்கு எண்டு படலை தாண்டிப் போனவள். நாங்கள் விளையாட்டாய் விட்டிட்டம். ஆறு மாதம் போகேல்லை, செல் குண்டு விழுந்து செத்துப்போட்டாள்." சொல்லேக்கை அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு. செல் ஆற்றை படலை எண்டு பாத்தே விழுந்தது, தாண்டாத சனமும்தானே செத்தது. அதைச் சொல்ல நான் ஆர்? ஒரு மருமகளைப் பறிகுடுத்த மனுசி. நான் தேத்தண்ணியைக் குடிச்சன். "உங்கடை பக்கத்து ஆக்களுக்கு எத்தினை கதிரை போடவேணும்?" எண்டு கேட்டன். அறுவது எண்டா. அறுவது கதிரை எண்டு நெஞ்சுக்குள்ளை எழுதிக்கொண்டு வந்தன். வந்து சேந்த பிறகுதான் தண்ணி கேட்டதும் கண்ணாடி தேடினதும்.

என்ரை தைரியம் அவ்வளவுதான் பிள்ளை. இண்டைக்கும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடை முடிஞ்சுது.

நீ இப்ப என்னட்டை வந்து என்ன செய்யிறது எண்டு கேட்டால், போ எண்டுதான் சொல்லுவன். கொம்மா வந்து கேட்டால் விடவேண்டாம் எண்டு தலையாட்டுவன். அந்த மனுசி வந்து கேட்டால் கைகட்டி நிப்பன். எந்தப் பக்கம் நிண்டாலும் ஆரோ ஒராளுக்குத் துரோகம். போனால் கலியாணம் நிக்குமோ நிக்காதோ எனக்குத் தெரியாது. சங்கக்கடையிலை கணக்கெழுதுற மாப்பிள்ளைப் பெடியன் நல்லவன் எண்டு படுது, ஆனால் தாயை மீறிக் கதைப்பானோ எண்டு தெரியாது. போகாட்டில் நீ ஆயுளுக்கும் சம்பளமில்லாத ரீச்சர். இரண்டிலை எது சின்ன நட்டம் எண்டு சொல்லுற தகுதி எனக்கு இல்லை. ஒருக்கால் நான் உனக்காக முடிவெடுத்து அதை வடிவாய்ப் பாத்திட்டம்.

புத்தி சொல்லக் கூச்சமாய்க் கிடக்கு, எண்டாலும் கலியாணம் கட்டிப் போற பிள்ளைக்குத் தகப்பன் ஏதாவது சொல்லவேணுமாம். நான் சொல்லுறது இதுதான். உன்ரை நாளை உன்னைக் கேக்காமல் ஆரும் பிறத்தியாருக்குக் குடுத்தால், அது நானாய் இருந்தாலும் சரி, புருசனாய் இருந்தாலும் சரி, உரக்கக் கேள். பரவாயில்லை எண்டு சொல்லிச் சொல்லியே நீ எல்லாரையும் பழக்கிப்போட்டாய். பரவாயில்லை எண்டு நீ சொன்ன ஒவ்வொரு தரமும் எனக்குத்தான் அது பரவாயில்லையாய் இருந்தது, உனக்கில்லை. நாளைக்கு உனக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பிறந்து, இரண்டுக்கும் ஒரே நாளிலை ஒரு அலுவல் வந்தால், இரண்டு கடிதத்தையும் மேசையிலை வைச்சுப்போட்டு இரண்டு பேரையும் கூப்பிடு. அழுதால் அழட்டும், அடிபட்டால் அடிபடட்டும். ஒளிச்சு மட்டும் வையாதை.

இந்தக் கடிதத்தை உன்ரை பாடக்குறிப்புக் கொப்பிக்குள்ளை வைக்கிறன். இந்த வீட்டிலை நீ மட்டும் திறக்கிற சாமான் அதுதான். இதோடை இரண்டு உறை இருக்கும். புதுசு நேற்று வந்தது. பழுத்துப்போய் ஓரம் பூச்சி அரிச்சது மூண்டு வருசம் பிந்தினது. அது கடலுக்குள்ளை போகேல்லை, அலுமாரிக்கு மேலைதான் கிடந்தது.

வெள்ளிக்கிழமை விடிய ஆறு மணிக்கு நான் சைக்கிளோடை படலையடியிலை நிப்பன். காத்தடிச்சு, செயினுக்குத் தேங்காயெண்ணையும் விட்டு வைச்சிட்டன். ரவுண் மட்டும் உன்னை ஏத்தி மிதிக்க என்ரை முழங்கால் விடாது. செம்மணி வெளியிலை எதிர்க்காத்து வேறை. அதிலை நீ மிதி, நான் பின்னாலை இருக்கிறன். கண்டி வீதியாலை போனால் அவையின்ரை ஒழுங்கையைத் தாண்டித்தான் போகவேணும், ஆரும் காணாமல் போகலாம் எண்டு பொய் சொல்லமாட்டன். மறிச்சுக் கேட்டால் நான்தான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லுறன். அந்த ஒரு வசனத்தை இப்ப இருந்தே பாடமாக்கிக்கொண்டிருக்கிறன். நீ வந்தால் போவம். வராட்டில் ஏழு மணிமட்டும் நிண்டிட்டு, சைக்கிளை உள்ளுக்கு விட்டிட்டு, கதிரை அடுக்கப் போவன். ஏன் வரேல்லை எண்டு கேக்கமாட்டன்.

என்னோடை கோவி. கதையாதை. தாரை வாக்கிற நேரத்திலை என்ரை முகத்தைப் பாக்காமல் இரு. எல்லாத்துக்கும் நான் உரித்துள்ளவன்தான். ஒண்டு மட்டும் கேக்கிறன் பிள்ளை. இதை வாசிச்சு முடிச்சுப்போட்டு, என்ரை முகத்தைப் பாத்துப் பாவப்பட்டு, "நீங்கள் என்ன செய்வியள் அப்பா" எண்டு மட்டும் திரும்பச் சொல்லிப்போடாதை.

அப்பா